நண்டு வளை அடைக்கத் தெரிந்தவன்

1

இந்த வைகாசியோடு நான் நெதர்லாந்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளை எழுதினால் ஒரு புத்தகம் தேறும். முதல் குளிர்காலத்தில் அலுவலகம் விடுவதற்குள் இருட்டிப்போனது ஒரு அதிர்ச்சி. பிறந்தநாள் விருந்து என்று கூப்பிட்டு, ஒரு துண்டு கேக்கும் ஒரு கோப்பை காபியும் கொடுத்து அனுப்பி வைத்தது இன்னொன்று. ஆனால் இந்தக் கோடையில் வாங்கியதைப் போல எதையும் வாங்கியதில்லை. அதைக் கொடுத்தது இந்த ஊரும் அல்ல. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி, திருச்சியில் விமானம் ஏறி வந்த என் சொந்த அக்கா. எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்கா வந்த இரண்டாம் நாள் காலை. காபி குடித்து முடித்திருந்தாள். ஒண்ணு காட்டறேன் வா என்று அவளைக் கூப்பிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தேன். ஐந்தாவது மாடிப் பால்கனி. அதன் நீளத்துக்கும் தொட்டிகள் வைத்திருந்தேன். கத்திரி, தக்காளி, மிளகாய் என்று எல்லாவற்றிலும் நாற்று. மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் பளபளவென்று நின்றது. மாசக்கணக்கில் பட்ட பாடு. மகளுக்குச் செய்த நகையைச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுகிறவன் மாதிரி நான் ஒதுங்கி நின்றேன்.

அக்கா நிலைப்படியைத் தாண்டவில்லை. தொட்டியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். மூணு மாசம் சும்மா உக்காந்திருந்தா உனக்குப் பொழுது போகாதுல்ல."

"மண்ணு ஏது?"

"கடையில வாங்குனது."

"மண்ணைக் காசு குடுத்து வாங்கினியா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில் கதவையும் சாத்தினாள். வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு அது. என் மனைவி கவிதா வந்து திறக்கும்வரை நான் என் தோட்டத்துக்கு நடுவே பேயறைந்தவனாக நின்றுகொண்டிருந்தேன்.

2

அக்கா பெயர் வசந்தா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா எப்படியோ உருண்டு புரண்டு கொஞ்சம் நிலம் சேர்த்தார். சேர்த்த நிலத்தில் ஆள் வைக்க வழியில்லை. அக்கா எட்டாவதோடு நின்று நடவுக்கு இறங்கினாள். நான் பட்டுக்கோட்டையில் பள்ளிக்கூடமும் தஞ்சாவூரில் இஞ்சினியரிங்கும் படித்து, இங்கே ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தேன். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று கணினியில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் அக்கா, தம்பிக்குப் பொட்டி எண்ணுற வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

அவளை ஒருமுறையாவது இங்கே கூட்டிவர வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்பேன். நாற்றங்கால், களை, அறுப்பு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். மாமா தவறிய பிறகு இன்னும் கஷ்டம், எல்லாம் அவள் தலையில். இந்த வருஷம் கேட்டதும் சரி என்றுவிட்டாள். குறுவைக்கு நாற்று விடுகிற நேரத்தில் இவள் எப்படிக் கிளம்புகிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

விசா வாங்கின கதையைச் சொல்லியாக வேண்டும். இங்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அக்காவின் செலவுக்கு நான் பொறுப்பு என்று ஓர் அம்மாள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து என்னுடையதுதான் என்று அந்த அம்மாள் முத்திரை குத்தினார். அங்கே அக்கா, ஊருக்குத் திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டும். கணவன் இல்லை, மாதச் சம்பளம் இல்லை. கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, அக்கா பெயரில் இருந்த பட்டா, சிட்டாவோடு இங்கிலீஷில் மொழிபெயர்த்து வைத்தோம். நிலம் இருக்கிறது, ஆகவே திரும்பி வந்துவிடுவார் என்று விசா கொடுக்கிறவர்களுக்கு நம்பிக்கை வந்தது. எனக்கும் அதே நம்பிக்கைதான். நிலத்தை விட்டு அக்கா எங்கே போவாள்?

3

இப்போது தொட்டிகளின் கதை. தொட்டியில் காய்கறி போட ஆசைப்படும் புதியவர்கள் இதைக் கவனமாகப் படித்து, நான் செய்த எதையும் செய்யாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்காலத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். அக்கா மண்ணில் வளர்ந்தவள், இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாடிப்போவாள், அவளுக்கு ஒரு கைப்பிடி வயல் வேண்டும். அன்றைக்கே செடிச் சாமான் கடைக்குப் போனேன். தொட்டிக்குப் போடுகிற மண்ணுக்கு டச்சு மொழியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, சாலையில் வழுக்கும் என்று எச்சரிக்கைப் பலகையில் போட்டிருக்கும் சேற்றுக்கான சொல். அதைச் சொல்லி, இருபது மூட்டை வேண்டும் என்றேன். கடைப்பெண் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

மேலாளர் எடுத்துக் கொடுத்த மூட்டையைப் பிரித்தால் உமி மாதிரி காற்றில் பறக்கிற மண். கையில் எடுத்தால் எடையே இல்லை. இதில் என்ன விளையும் என்று எனக்கு இளக்காரமாகப் போய்விட்டது. அலுவலக நண்பர் ஒருவர் நகரத்துக்கு வெளியே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நல்ல பசைக் களிமண் வாளி வாளியாக வாங்கி வந்து, பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தேன். சேறு அருமையாக வந்தது. கவிதா கும்பகோணம் டவுன்காரி. என்ன, பண்ணையாருக்கு உழவு முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஓட்டை. தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு விலைக்கு ஓட்டைத் தொட்டியை விற்றிருக்கிறானே என்று நினைத்தேன்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் வரும். வந்த தண்ணீரை நிறுத்துவது வரப்பு. அந்த வரப்பில் நண்டு வளை போட்டுவிட்டால் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். காலையில் நம் வயல் காய்ந்து கிடக்கும். அதனால் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா எனக்குக் கொடுத்த வேலை, பள்ளிக்கூடம் போகுமுன் வரப்பைச் சுற்றிவந்து நண்டு வளைகளைக் கண்டுபிடித்து அடைப்பது. களிமண்ணை உருட்டி வளைக்குள் திணித்து, குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். நான் அடைத்த வளை மறுபடி திறந்ததாக வரலாறே இல்லை.

ஜன்னல் ஓரங்களில் பூசுகிற சிலிக்கான் பசை வீட்டில் இருந்தது. எல்லாத் தொட்டி ஓட்டைகளையும் அடைத்தேன். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் கடையில் வாங்கிய நாற்றைக் கொண்டுபோய் வெளியே நட்டேன். மே மாதம் பாதி தாண்டும்வரை உறைபனி கொட்டும், செடியை வெளியே வைக்கக்கூடாது என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. முதல் நடவு பனியில் கருகியது. மறுபடி நட்டேன். நெருக்கி நெருக்கி, ஒரு தொட்டிக்கு நாலைந்து. தினமும் தண்ணீர் ஊற்றினேன், நிற்கும்வரை. நின்ற தண்ணீரைப் பார்த்தால்தான் எனக்கு மனசு நிறைந்தது.

இந்த ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் இவர்கள் உயிரோடு இருக்க முடியும். அதற்கு நானும் வருஷா வருஷம் வரி கட்டுகிறேன். அப்பா தண்ணீர் உள்ளே வருவதற்குத் தீர்வை கட்டினார், நான் வெளியே போவதற்குக் கட்டுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் தொட்டி ஓட்டை எதற்கு என்று அதுவரை யோசித்ததில்லை.

4

கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு அக்கா பால்கனிப் பக்கமே போகவில்லை. உடம்பு அசதியாக இருக்கும், நேரம் மாறியதில் தூக்கம் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மற்ற எதிலும் அவளுக்கு அசதி இல்லை. லிஃப்டில் ஏறி இறங்குவது அவளுக்குப் பிடித்துப்போனது. குப்பை கொட்டுகிற வேலையை அதற்காகவே தன்வசம் எடுத்துக்கொண்டாள். டிராமில் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே டிராமில் திரும்பி வருவாள். என் மகள் நிலாவுக்குப் பதிமூன்று வயது. எங்களோடு எங்கேயும் வருவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. அத்தையோடு மட்டும் டிராமில் போனாள். இவள் டச்சு கலந்த தமிழில் பேச, அவள் ஊர்த் தமிழில் பேச, ரெண்டு பேருக்கும் எதுவும் இடிக்கவில்லை.

அக்கா என்னிடம் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், சாக்ஸ். கவிதா ஒரு கட்டு வாங்கி வந்தாள். அக்கா வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டே நடந்தாள். குளித்துவிட்டு வந்தால் விரல் இடுக்கையெல்லாம் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்து, உடனே புது ஜோடி போட்டுக்கொள்வாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஒரு நாள் நல்ல மழை. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஊர் ஞாபகம் வந்து கண் கலங்குகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், ஊர் ஞாபகமா அக்கா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. இந்த மழை பெஞ்சா எனக்கு ஒண்ணும் ஆவாது. நாத்து அழுகிப்போவாது, அறுத்துப் போட்ட கதிரு நனையாது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்படி ஒரு மழையை நான் இப்பத்தான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை.

5

தொட்டிச் செடிகள் மஞ்சளடித்துப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியிலிருந்து சாக்கடை நாற்றம் வந்ததும், நிலா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். பள்ளியில் அவர்களுக்குத் தோட்டப் பாடம் உண்டு. ஒரு தொட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்தவள், அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, ஓட்டையை யாரு மூடினது?"

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் முகத்தில் வந்த திகைப்பை என்னால் மறக்க முடியாது. பேச்சு முழுக்க டச்சுக்கு மாறிவிட்டது. வேருக்குக் காற்று வேண்டும், தேங்கின தண்ணீரில் வேர் மூச்சு முட்டி அழுகும், அதிகத் தண்ணீர் வெளியேறத்தான் ஓட்டை, இது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும் என்று பொரிந்து தள்ளினாள். நெல் அப்படி இல்லையே என்று நான் இழுத்தேன். இது நெல் இல்லை என்றாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து, ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்து, நான் அடைத்த பசையைக் குத்திப் பெயர்த்தாள். அடுத்து நடந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. வாரக்கணக்கில் தேங்கின தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பியது. பால்கனி நிறைந்து, கம்பிகளுக்கு அடியில் வழிந்து, நேராகக் கீழே. கீழ்வீட்டு அம்மாள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து அன்றைக்கே மின்னஞ்சல் வந்தது. தொட்டிகள் கம்பிக்கு உள்பக்கம்தான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அடியில் தட்டு வைக்க வேண்டும், பால்கனி இவ்வளவுக்குமேல் பாரம் தாங்காது, எல்லாம் ஏற்கெனவே விதிகளில் இருக்கிறது என்று. கீழ்வீட்டு அம்மாளுக்கு நான் என் கையாலேயே டச்சில் மன்னிப்புக் குறிப்பு எழுதினேன். அழுக்குத் தண்ணீருக்கு வருந்துகிறேன் என்று எழுதியதாக நினைப்பு. நிலா வாங்கிப் படித்துவிட்டு, நான் ஒரு அழுக்குத் தண்ணீர், வருந்துகிறேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, அப்படியே கொடுத்துவிடு என்றாள் கவிதா.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, என்ன நடந்தது என்று நிலாவிடம் கேட்டாள். அப்பா எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டார் அத்தை என்றது பெண். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. நிலாவும் சேர்ந்துகொண்டாள். வீடே லேசாகிவிட்டது.

இதுதான் நல்ல நேரம் என்று நான் முடிவு செய்தேன்.

6

அக்காவுக்காக நான் இன்னொன்றும் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ஊரில் எங்கள் வயலை ஒட்டினாற்போல் மூன்று மா விலைக்கு வந்திருந்தது. அதாவது ஒரு ஏக்கர். வாய்க்கால் மடைக்குப் பக்கம், தண்ணீர் முதலில் பாயும் இடம். தரகரிடம் பேசியாகிவிட்டது, அச்சாரம் கொடுப்பது மட்டும் பாக்கி. நான் ஓய்வு பெற்று ஊருக்கு வரும்வரை அக்கா பார்த்துக்கொள்வாள். பிறகு எங்கள் வயலும் அதுவும் சேர்ந்து ஒரே வயல். பல வருஷமாக டிராமில் உட்கார்ந்து நான் கண்ட கனவு அது.

மத்தியானம் தரகருக்கு வீடியோ கால் போட்டு, போனை அக்கா முன்னால் நீட்டினேன். அவர் வரப்பில் நின்றுகொண்டு நிலத்தைச் சுற்றிக் காட்டினார். அவர் வைத்த பிறகு, எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"அப்பா உனக்கு வயல்ல என்ன வேலை குடுத்திருந்தாரு?" என்றாள்.

"நண்டு வளை அடைக்கிறது."

"அப்பறம்?"

யோசித்தேன். அப்புறம் ஒன்றும் இல்லை.

"அதான். அடைச்சிட்டுக் காலக் கழுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிருவ. நான் அங்கயே நின்னேன். ஒரு வயல நட்டு முடிச்சு நிமுந்தா அடுத்த வயலு. வெரலு இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு வந்து வெந்து போவும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வெச்சுக்கிட்டு மறுநாளும் எறங்குவேன். நீ ஊரு ஊருன்னு சொல்ற. உனக்கு அது ஊரு தம்பி. எனக்கு அது வேலை."

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"ஆளத் தேடி யாரு போறது? தண்ணிக்குச் சண்டை யாரு போடறது? மழை வந்தா மூட்டைய யாரு தூக்கறது? நீயா இங்கேர்ந்து வருவ?"

பிறகு அவள் மெதுவாகச் சொன்னதுதான் என்னை அசைத்துப் போட்டது. தரகர் சித்திரையிலேயே அவள் வீட்டுக்கு வந்து, தம்பி நிலம் வாங்கப்போகிறார், நீதான் பார்க்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் தன் பங்கு நிலத்தை அவள் அதற்கு முன்பே சித்தப்பா மகனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். இனிமேல் வயலில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அவள் மகள் சுமதியும் மாப்பிள்ளையும் வேளாங்கண்ணியில், கோயிலுக்கு வருகிறவர்களுக்காக மெஸ் நடத்துகிறார்கள். அங்கே கல்லாவில் உட்கார ஆள் வேண்டுமாம். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, டைல்ஸ் போட்ட தரை. காலு காஞ்சு இருக்கும் தம்பி என்றாள். இதை நேரில் சொல்லத்தான் விசா வாங்கி, விமானம் ஏறி வந்திருக்கிறாள்.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உனக்கு எதையும் நான் வேணாம்னு சொன்னதில்ல. சொல்ல வாயும் வராது. தைரியத்தச் சேத்துக்கிட்டு வந்தேன். ரெண்டாம் நாளே நீ சேத்தக் கொண்டாந்து காட்டுன. இங்கயும் விடமாட்டான்னு நெனச்சேன். அதான் கதவச் சாத்துனேன்."

7

நல்லவனாக எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காகத்தானே எல்லாம் என்று மனசு பொருமியது. சில நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டிராமில் உட்கார்ந்தால் வழக்கமான கனவு வரும். வாய்க்கால், பச்சை, வரப்பில் நான் நடந்துபோவது. அந்தக் கனவில் வயலுக்குள் யார் நிற்கிறார்கள் என்று முதல் தடவையாகப் பார்த்தேன். குனிந்துகொண்டு ஒருத்தி நின்றாள். எத்தனையோ வருஷமாக நான் கண்ட கனவில் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள், நான் பார்க்காமல் வரப்பில் நடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

தரகர் தினமும் கூப்பிட்டார். வேறு ஆள் கேட்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்க என்று குரல் பதிவு வேறு. நான் எடுக்கவில்லை. வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா மறுபேச்சில்லாமல் வயலில் போய் நிற்பாள், எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அக்கா கிளம்புகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளும் கேட்கவில்லை. துணிகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

8

அவள் ஊருக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, நிலா என்னைப் பால்கனியில் வேலைக்கு இழுத்தாள். செத்த செடிகள் போக மிஞ்சியது நாலு மிளகாய், ஒரு கத்திரி. எல்லாவற்றையும் மாற்றி நட வேண்டும், அதையும் நானே செய்ய வேண்டும் என்று உத்தரவு. களிமண் கலந்த சேறு வேண்டாம், மூட்டையில் வந்த லேசான மண் போதும். கத்திரிக்குப் பெரிய வாளி அளவுத் தொட்டி, ஒரு தொட்டிக்கு ஒரே செடி. விளிம்புவரை மண் போடாதே, நாலு விரல் இடம் விடு. இனிமேல் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தட்டில் தேங்கினால் கொட்டிவிட வேண்டும். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை வாக்கியம் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசி வெகுநாள் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா சாக்ஸ் போட்ட காலோடு வந்து நின்றாள். நிலா ஓடிப்போய் ஜன்னலோர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா முதல்முறையாகப் பால்கனியில் வந்து உட்கார்ந்தாள்.

நான் பழைய சேற்றை வழித்து வெளியே எடுத்து, புது மண்ணைப் போட்டு, குனிந்தபடியே செடிகளை நட்டேன். மூன்றாவது தொட்டிக்கு வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கையை ஊன்றி நிமிர்ந்து, முதுகு வலிக்கிறது என்றேன்.

"மூணு தொட்டிக்கேவா?" என்றாள் அக்கா.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். பதிமூன்று வயதில் வயலில் இறங்கியவள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் சேற்றுக்கையோடு அவள் காலடியில் குந்தியிருக்கிறேன். எங்கள் ரெண்டு பேர் வாழ்க்கையிலும் இப்படி ஒரு காட்சி அதற்குமுன் நடந்ததில்லை. என் மகளுக்கு இப்போது அதே பதிமூன்று வயது என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த என் போன் அடித்தது. தரகர். என் கை ரெண்டும் சேறு. அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீயே எடுத்துப் பேசுக்கா" என்றேன். "என்ன தோணுதோ சொல்லு."

அவள் உடனே எடுக்கவில்லை. மணி அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நான் வசந்தா பேசறேன். அந்த நெலம் வேணாங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். "தம்பி இங்கதான் இருக்கு. நான் சொல்றேங்க. எனக்கு வேணாம்."

போனை வைத்தாள். நான் என்ன சொல்வேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து, நட்டு முடித்த கத்திரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பழக்கதோஷம், கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன். அடி ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் தட்டில் நிறைந்து, தரையில் வழிந்து, அக்காவின் நாற்காலியைப் பார்த்து ஓடியது. என் கை தானாகத் தொட்டிக்கு அடியில் போய் ஓட்டையை அழுத்திப் பிடித்தது.

"அடைக்காத தம்பி" என்றாள் அக்கா. "போவட்டும் விடு."

நான் கையை எடுத்தேன். அவள் ரெண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். தண்ணீர் அவளுக்குக் கீழே ஓடிப் போனது. சாக்ஸ் நனையவில்லை.